பதக்கத்தின் பெயர் போதாது, செய்ததைச் சொல்லுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் 4 கடற்படை நாள். 1971-ல் நம் ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கிய இரவின் நினைவு. காலை வழிபாட்டில் ‘இன்றைய சிறப்பு’ என்று ஒரு வரி வாசிப்பதோடு பல பள்ளிகளில் அது முடிந்துவிடுகிறது. கடலே இல்லாத சீமைக்கு இது போதும் என்ற நினைப்போ என்னவோ.

அந்த ஒரு வரிக்குப் பதில் சிமன் சிங்கைப் பற்றிச் சொல்லுங்கள். அரியானாக்காரர். கடற்படையில் லீடிங் சீமேன், அதிகாரி அல்ல. அதே டிசம்பரில், வங்கதேசத்தில் குல்னா பக்கம் ஆற்றில் போன போர்ப்படகு ஒன்றில் இருந்தார். எதிரிப் படகென்று எண்ணி நம் விமானங்களே குண்டு போட்டுவிட்டன. (இதை மறைக்க வேண்டாம். போரில் இப்படியும் நடக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.) படகு போய்விட்டது. தண்ணீரில் கிடந்தவர்களைப் பார்த்துக் கரையிலிருந்து சுட்டார்கள். சிமன் சிங் உடம்பிலும் குண்டுச் சில்லுகள். பக்கத்தில் பலத்த காயத்தோடு ஓர் அதிகாரி மிதக்க முடியாமல் திணறினார். அவரைக் கைவிடாமல் கரைவரை கொண்டுவந்து சேர்த்தார். கரையேறியதும் வெறுங்கையோடு எதிரிகளை நோக்கி ஓடினார். அந்த இடைவெளியில் கூட இருந்த இருவர் தப்பினார்கள், இவர் பிடிபட்டார். போர் முடிந்து விடுதலையாகி வந்தவருக்கு, போர்க்கள வீரத்துக்கான நாட்டின் இரண்டாவது உயரிய விருதான மகாவீர் சக்கரம் கிடைத்தது.

இதன் கனம் நம் பிள்ளைகளுக்குப் புரியாதா? ஒகேனக்கல் பரிசல்காரர் எவரையாவது கேட்டுப் பாருங்கள். தண்ணீரில் தத்தளிப்பவன் காப்பாற்ற வந்தவனையே கட்டிப்பிடித்து அமுக்கிவிடுவான். காயம்படாத ஆளுக்கே அது பெரும்பாடு.

நம் குக்ரி போர்க்கப்பலையும் சொல்லலாம். அதே போரில், டிசம்பர் 9 அன்று டையூ அருகே பாகிஸ்தான் நீர்மூழ்கி தாக்கி மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். தன் உயிர்காப்புக் கவசத்தை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனவர் கேப்டன் முல்லா.

நடுகல் நட்டவர்கள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனவர்களுக்குத் தெரியும். எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், தொறு (மாட்டு மந்தை) மீட்கப் போய் எப்படி மடிந்தான் என்று கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். ‘மாவீரன்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகவில்லை. அந்த வேலையை இன்று பிளெக்ஸ் பேனர்கள் செய்கின்றன.

உங்கள் பள்ளியில் படித்து முப்படையில் சேர்ந்தவர்களின் பெயர்ப்பலகை இருந்தால், பெயருக்குக் கீழே இரண்டு வரிக்கு இடம் விடுங்கள். எந்தக் கப்பல், எந்தப் படைப்பிரிவு, என்ன செய்தார் என்பதை வீட்டாரிடம் கேட்டு மாணவர்களே எழுதட்டும். ராணுவ ஆள்சேர்ப்புத் தேர்வுக்காக விடியற்காலையில் உங்கள் மைதானத்தில் 1.6 கிலோமீட்டர் ஓடிப் பழகும் பையன்கள் அதை நின்று படிப்பார்கள்.

சிமன் சிங் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். கேட்கும் பள்ளிக்கு அனுப்புகிறேன். ஆசிரியர் வாசிக்க வேண்டாம், எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவன் ஒருவன்