அனஸ்தாசியாவின் பக்கத்துக்குத் தோலும் மையும் பொன்னும் தந்தவர்களுக்கு

நாடகம் முடிந்து செட்டைப் பிரித்தாகிவிட்டது. கணக்கும் முடித்தாயிற்று. நன்றி சொல்வது மட்டும்தான் பாக்கி. மேடையில் அனஸ்தாசியா கையில் ஏந்தி நின்ற அந்த ஒற்றைப் பக்கத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் பாராட்டினார்கள். எழுதியதும் தீட்டியதும் நான்தான். ஆனால் தோல், மை, பொன் மூன்றும் மற்றவர்கள் தந்தவை. அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடல்.

நாடகம் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. கிறிஸ்டின் த பிசான் என்ற எழுத்தாளர் 1405 வாக்கில் பாரிஸில் எழுதிய 'பெண்களின் நகரம்' நூலில் அனஸ்தாசியா என்ற ஓவியரைப் புகழ்கிறார். ஏட்டின் ஓரக் கொடிகளையும் படங்களின் பின்புலத்தையும் தீட்டுவதில் பாரிஸிலேயே அவளை மிஞ்ச ஆளில்லை, எனக்கும் வேலை செய்து தந்திருக்கிறாள், அனுபவத்தில் சொல்கிறேன் என்கிறார். இதுதான் அவள் வரைந்தது என்று உறுதியாகக் காட்ட இன்று ஒரு பக்கம்கூட இல்லை. அதனால் கிறிஸ்டின் பிரெஞ்சு அரசி இசபோவுக்குக் கொடுத்த சுவடியை மாதிரியாக எடுத்துக்கொண்டோம். அது இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. எங்கள் பக்கத்திலும் இரண்டு பத்தி எழுத்து, ஓரத்தில் படரும் கொடி, கொடியெங்கும் பொன் இலை.

அட்டையில் கோல்டு பெயின்ட் அடித்தால் போதாதா, பின்வரிசைக்கு என்ன தெரியப்போகிறது என்று குழுவில் பேச்சு வந்தது. இயக்குநர் ஒப்புக்கொள்ளவில்லை. கையில் இருப்பது நிஜமாக இருந்தால் நடிகை அதைப் பிடிக்கும் விதமே மாறிவிடும் என்றார். முதல் நன்றி அவருக்கு.

தோல் தந்தவர் ஒரு தோல்பாவைக்கூத்துக் கலைஞர். பாரிஸில் பெரும்பாலும் கன்றுத்தோல், இங்கே ஆட்டுத்தோல். பதனிடாமல், முடியைச் சுரண்டி, இழுத்துக் கட்டிக் காயவைக்கும் வேலை இரண்டுக்கும் பொது. "பாவைன்னா வெளிச்சம் ஊடுருவணும், உங்களுக்கு ஊடுருவக் கூடாது, இல்லையா?" என்று கேட்டுவிட்டு, அதற்கேற்ற தடிப்பில் ஒரு துண்டை எடுத்து வைத்திருந்தார். அதைப் பியூமிஸ் கல்லும் சுண்ணப்பொடியும் போட்டுத் தேய்த்து வெளுப்பாக்கினோம். ஐயா, உங்கள் கை பட்ட தோல் சென்னைக் காற்றிலும் சுருளாமல் நின்றது.

மைக்கு நாட்டு மருந்துக் கடை அண்ணாச்சி. ஐரோப்பியச் சுவடிகளை எழுதிய மை ஓக் மரத்து மாசிக்காயில் காய்ச்சியது. நம் வீடுகளில் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் அதே மாசிக்காய்தான். அதோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பு, பிசின், தண்ணீர், அவ்வளவே. எதற்கு என்று சொன்னதும் அண்ணாச்சி மூட்டையைக் கவிழ்த்துத் துளை விழாத காய்களாகப் பொறுக்கினார். பூச்சி வெளியேறிய காயில் துவர்ப்பு குறைவு, மையும் வெளிறிப்போகும். அந்த மையில் எழுதும்போது எழுத்து சாம்பல் நிறத்தில்தான் விழும். காற்றுப் பட்டுப் பட்டு, கண் முன்னாலேயே கறுக்கும். இதைப் பார்ப்பதற்காகவே ஒத்திகை நேரத்தில் நடிகர்கள் என் மேஜையைச் சுற்றி நின்றார்கள். எழுதிய இறகுகளைக் கொடுத்தது செங்கல்பட்டுப் பக்கம் கூஸ் வாத்து வளர்க்கும் நண்பர். வலக்கைக்காரருக்கு இடச் சிறகு இறகுதான் வளைவு சரியாக அமையும் என்று சொல்லியிருந்தேன். பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்திருந்தார்.

பொன்னுக்கு வருகிறேன். சுண்ணப்பொடியையும் பசையையும் குழைத்துப் புடைப்பாக எழுப்புவது தஞ்சாவூர் ஓவியத்தில் அன்றாட வேலை. அந்தக் கலையில் ஊறிய பெரியவர் ஒருவர், கொடி இலை ஒவ்வொன்றும் நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் வரும்படி எழுப்பச் சொல்லித் தந்தார். அவர் ஒட்டும் தங்க ரேக்கைவிட ஐரோப்பியத் தங்க இலை, அதாவது தங்கத்தை அடித்துச் செய்த தாள், மிக மெல்லியது. விரலில் பட்டால் விரலோடு போய்விடும். சுண்ணக் கலவையில் கொஞ்சம் சர்க்கரை சேர்த்திருக்கும். சிறு குழாய் வழியாக வாய் ஆவியை ஊதினால் அது ஈரமாகிப் பிடிக்கும். அந்த நொடியில் தங்க இலையை வைத்து அழுத்த வேண்டும். மின்விசிறி ஓடக் கூடாது. விடியற்காலையில், வேர்க்க வேர்க்க, என் பக்கத்தில் உட்கார்ந்து இலையைப் பிடித்துக் கொடுத்த தங்கை இல்லையென்றால் இது நடந்திருக்காது.

பிறகு மெருகு. தெருக்கோடியில் நகைப் பட்டறை வைத்திருக்கும் பத்தர் தன் அகேட் மெருகுக் கல்லைக் கொடுத்தார். தொழில் கருவியை இரவல் தர எவருக்கும் மனசு வராது, எனக்குத் தெரியும். அந்தக் கல்லால் தேய்க்கத் தேய்க்க மங்கல் போய், பொன் கண்ணாடி போலப் பளபளத்தது. வண்ணமெல்லாம் அதற்குப் பிறகுதான். முதலில் தீட்டினால் தங்கம் அதிலும் ஒட்டிக்கொள்ளும்.

ஒளியமைத்த தம்பிக்கும் சொல்ல வேண்டும். மேலிருந்து விளக்கைப் போடாமல், மெழுகுவர்த்தி உயரத்தில், பக்கவாட்டிலிருந்து அசையும் வெளிச்சம் கொடுத்தாய். நடிகை பக்கத்தைச் சற்றே சாய்த்தபோது பொன் இலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றிக்கொண்டன. பின்வரிசைக்கும் தெரிந்தது!

அப்புறம், பழைய பிரெஞ்சு வரிகளைத் திருத்தித் தந்த மொழி ஆசிரியைக்கும், சமையலறை அடுப்பை மைக்கு விட்டுக்கொடுத்த அம்மாவுக்கும் என் நன்றி.

ஒரு பாட்டில் மை மீதமிருக்கிறது. எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் குழுவின் ஒத்திகைக் கூடத்துக்கு வரலாம். இறகு நான் சீவித் தருகிறேன். ஊற்றுப் பேனாவில் மட்டும் ஊற்ற வேண்டாம், அடைத்துக்கொள்ளும்.

அன்புடன்,
மேடைப் பொருள் பொறுப்பாளர்