மானிட்டர் வாங்கப் போகும் மாப்ளேக்கு

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவின் கண்புரை ஆபரேஷனுக்கு அலைந்ததில் பதில் எழுத முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள். நான் தாடி எடுக்காததை வாசலில் இருந்தே பார்த்துத் திட்டுகிறாள்.

கம்ப்யூட்டருக்கு நீ வாங்க நினைக்கும் சாமான்களின் பட்டியலைப் பார்த்தேன். பாதிப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்கே போகிறதே, ஏண்டா? நீ கேம் ஆடுகிறவனா? நாள் முழுக்கத் தமிழ்ப் புத்தகத்துக்குப் பக்கம் கட்டுகிறவன். உன் பழைய 24 அங்குல ஃபுல் எச்டி (1920×1080) மானிட்டரில் அங்குலத்துக்கு 92 புள்ளிதான். சின்ன எழுத்தில் 'ஞ' போட்டால் சுழி அடைத்துக்கொள்ளும். 'ண'வா 'ன'வா என்று கழுத்தை நீட்ட வேண்டும். 27 அங்குல 4கே (3840×2160) எடு, அங்குலத்துக்கு 163 புள்ளி.

மானிட்டர் வாங்க சென்னை ரிச்சி தெருவுக்கு நான் போனபோது லைவ் லினக்ஸ் (கம்ப்யூட்டரில் ஏற்றாமலே ஓடுவது) உள்ள பென் டிரைவைக் கையோடு கொண்டுபோனேன். கடைப் பையன் முதலில் முறைத்தான், அப்புறம் அவனே பூட் பண்ணிக் கொடுத்தான். என் பிடிஎஃப் ஒன்றைத் திறந்து 'ணை'யின் வளைவைப் பார்த்தேன். அச்சுத்தாளில் பார்ப்பதுபோல இருந்தது. அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

எழுத்தையும் படத்தையும் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங்தான் கொஞ்சம் படுத்தும். 200 சதவீதம் வைத்தால் கணக்கு நேராக வரும், ஆனால் திரையில் இடம் பழைய ஃபுல் எச்டி அளவுதான். 150 வைத்தால் 2560×1440 அளவு இடம் கிடைக்கும். ஆனால் லினக்ஸில் திரையைக் காட்டும் புது முறையான வேலண்டில், அதற்கு முந்தைய எக்ஸ்11 காலத்துப் புரோகிராம்கள் மங்கலாகத் தெரியலாம். பிளாஸ்மா என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பில் அவை தாமே பெரிதாகிக்கொள்ள விட ஒரு செட்டிங் இருக்கிறது. நான் 150இல்தான் ஓட்டுகிறேன்.

4கே என்றால் சுமார் 83 லட்சம் புள்ளி. டெஸ்க்டாப் காட்ட பிராசசரில் இருக்கும் கிராபிக்ஸே தாங்கும். ஆனால் மதர்போர்டில் மானிட்டர் கேபிள் செருக டிஸ்ப்ளேபோர்ட் இருக்கிறதா பார். இருப்பது பழைய எச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கேயில் 30 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 30 முறைதான் படம் மாறும். என் பழைய போர்டில் மவுஸ் அம்பு தவளை மாதிரித் தாவியது. இரண்டு நாள் டிரைவரைத் திட்டித் தீர்த்த பிறகுதான் இது புரிந்தது.

கார்டு வாங்கியே தீருவேன் என்றால் ஏஎம்டியின் ரேடியான் எடு, டிரைவர் லினக்ஸின் மையமான கெர்னலோடு வந்துவிடும். என் முந்தைய கார்டுக்கு (பெயர் வேண்டாம்) டிரைவரைத் தனியாக ஏற்ற வேண்டும். கெர்னல் அப்டேட் ஆன ஒரு காலையில், அன்று கொடுக்க வேண்டிய வேலையோடு, கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்திருந்தேன். ரேடியானில் ஆர்எக்ஸ் 6400 விலையில் ஆசை காட்டும். அதில் வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் என்கோடர் கிடையாது, ஏவி1 வகை வீடியோவை விரித்துக் காட்டும் டிகோடும் கிடையாது. மகள் நடன வீடியோவை எடிட் பண்ண வேண்டும் என்றாயே, ஆர்எக்ஸ் 6600 எடு. 132 வாட் இழுக்கும். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் உன் எஸ்எம்பிஎஸ்ஸின் வயதை யோசித்துக்கொள்.

வாங்கப் போகும் நாளைச் சொல், நானும் வருகிறேன். பென் டிரைவ் தயார். அம்மா உன்னைக் கேட்டாள். புதுக் கண்ணால் உன்னைப் பார்க்க வேண்டுமாம்.

உன்
மாப்ளே