அந்த வலையையும் அழிக்கச் சொல்கிறீர்களா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், விடுமுறைக்கு அந்தமான் போய்க் கடலுக்கடியில் படம் எடுப்பவர்களுக்காக ஒரு பக்கம் நிறைய குறிப்புகள் போட்டிருந்தீர்கள். நல்ல விஷயம்தான், தமிழில் இதையெல்லாம் எழுதுபவர்கள் குறைவு. ஆனால் படத்தில் வேண்டாதது எது விழுந்தாலும் மொபைலில் விரலால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் போதும், மிச்சத்தை ஏஐ பார்த்துக்கொள்ளும் என்று முடித்திருந்தீர்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஒப்பவில்லை. வெள்ளைப் புள்ளி, அடுத்த டைவரின் கால், காற்றுக்குமிழி, பிளாஸ்டிக் பை, அறுந்த வலை எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டு ஒரே மருந்து சொன்னால் எப்படி?

புள்ளியை முதலில் பார்ப்போம், எல்லோரும் திணறுவது அதில்தான். கடல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மணல் தூசி, கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் என்று ஏதாவது அதில் மிதந்துகொண்டேதான் இருக்கும். கேமராவோடு வரும் ஃபிளாஷ் லென்ஸுக்கு ஒட்டினாற்போல் இருப்பதால், லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவே இருக்கிற அத்தனை தூசியிலும் வெளிச்சம் பட்டு நேரே லென்ஸுக்கே திரும்பிவிடும், படம் முழுக்கக் கோலமாவைத் தூவிய மாதிரி ஆகிவிடும். அந்த ஃபிளாஷை அணைத்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஸ்ட்ரோப் என்கிற தனி ஃபிளாஷ் இருந்தால் அதை கேமராவோடு பொருத்தும் நீளமான கம்பியில் மாட்டிப் பக்கவாட்டில் தள்ளி, அதன் முகத்தை மீனைப் பார்த்து வைக்காமல் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். அப்போது வெளிச்சத்தின் ஓரம் மட்டும் மீன்மேல் விழும், நடுவில் உள்ள தண்ணீர் இருட்டாகவே கிடக்கும். எல்லாவற்றையும்விட, கிட்டப் போக வேண்டும். தூரத்தில் நின்றுகொண்டு ஜூம் செய்தால் நடுவில் இருக்கும் தண்ணீர் குறையாது, தூசியும் குறையாது.

அடுத்தவர் கால் விழுகிறதா, அவர் கடந்து போகும்வரை பொறுங்கள், இல்லை கொஞ்சம் கீழே இறங்கி அண்ணாந்து எடுங்கள், பின்னால் வெறும் நீலம்தான் இருக்கும். சின்ன உயிர் என்றால் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/200 நொடி, லென்ஸ் துளையின் அளவைச் சொல்லும் எஃப் எண்ணை 16, வெளிச்சத்தை உணரும் திறனான ஐஎஸ்ஓவை 100 என்று வைத்து ஸ்ட்ரோப் வெளிச்சத்தை மட்டும் நம்பி எடுத்தால் பின்னணி கறுத்துவிடும், அங்கே என்ன குப்பை கிடந்தாலும் தெரியாது. இவை எல்லாம் படம் எடுக்கும்போதே முடிகிற வேலை. அப்புறம், குறுக்கே நிற்கிறது என்று பவளக் கிளையை ஒடிப்பது, கடல்குதிரையைக் குச்சியால் தள்ளி நல்ல பின்னணிக்குக் கொண்டுவருவது போன்ற வேலைகளைச் சிலர் செய்கிறார்கள். கடல்குதிரை, பவளம் இரண்டுமே 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. இது குற்றம் என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

சரி, எடுத்த பிறகும் நாலு புள்ளி மிஞ்சினால் அழிக்கலாமா? வெறும் தண்ணீரில் இருந்தால் தாராளமாக. ஆனால் உயிரின் உடம்புமேல் விரலை வைக்கும் முன் யோசியுங்கள். திமிங்கலச் சுறாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் செவுளுக்குப் பின்னால் உள்ள வெள்ளைப் புள்ளிகளின் அமைப்பு ஒவ்வொரு சுறாவுக்கும் தனி, நம் கைரேகை போலத்தான். அந்தப் புள்ளிகளை ஒப்பிட, வானத்து நட்சத்திரங்களை ஒப்பிடுவதற்காக எழுதிய கணக்கு முறையையே எடுத்துப் பயன்படுத்தினார்கள், சுற்றுலாப் பயணிகள் எடுத்த படங்களை வைத்தும் எந்தச் சுறா எங்கே போனது என்று ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். நீங்கள் சொன்ன தேய்ப்புக்கு எது மிதக்கும் தூசி, எது சுறாவின் புள்ளி என்று எப்படித் தெரியும்? இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம். ரெண்டு புள்ளி போய்விட்டால் படம் அழகாகத்தான் இருக்கும், ஆய்வுக்கு உதவாது.

இப்போது வலைக்கு வருகிறேன், இந்தக் கடிதம் எழுதியதே அதற்காகத்தான். அனுமதியோடு போன ஒரு குழுவுடன் மன்னார் வளைகுடாவில் நான் எடுத்த படம் ஒன்றை ஒரு காலண்டருக்குக் கேட்டு வாங்கினார்கள். மான்கொம்புப் பவளத்தில் அறுந்த தங்கூசி வலை, அதாவது நைலான் இழை வலை, சுற்றிக் கிடந்த படம் அது. அச்சாகி வந்தபோது வலையைக் காணோம். வலை இருந்த இடத்தில் ஏஐ தானாகவே பவளம் வளர்த்து வைத்திருந்தது, கிளைகள் நுனியில் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், வலைக் கண்ணிகள் குறுக்கே தெரிந்த ஒரு மீனுக்கு வால் இரண்டாகி! கீழே "மன்னார் வளைகுடாவின் எழில்" என்று தலைப்பு வேறு. அந்த வலை அங்கேதானே கிடக்கிறது, படத்தில்தானே போனது?

மன்னார் வளைகுடாவின் தீவுப் பகுதி 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம், தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை 21 தீவுகள், அதில் இரண்டு தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. வளர்ப்புக்காக வெளியிலிருந்து கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பவளத்தின்மேல் படர்ந்திருப்பது 2008இல் வெளியே தெரிந்தது. 2016இல் வெப்பத்தில் பவளம் வெளுத்தது. இதற்கெல்லாம் படம்தான் சாட்சி. பாசி "அசிங்கமாக" இருக்கிறது, வெளுத்த பவளம் "டல்லாக" இருக்கிறது என்று ஆளாளுக்குத் திருத்த ஆரம்பித்தால், பத்து வருஷம் கழித்து ஒருவர் பழைய படங்களை எடுத்துப் பார்க்கும்போது எதை நம்புவார்?

வேண்டாத பொருளே படமான கதையும் உண்டு. இந்தோனேசியாவின் சும்பாவா தீவுப் பக்கம் ஜஸ்டின் ஹாஃப்மன் என்ற படக்கலைஞர் எடுத்த படத்தில் ஒரு சின்னக் கடல்குதிரை, காது குடையும் இளஞ்சிவப்புப் பஞ்சுக் குச்சியை வாலால் பிடித்துக்கொண்டு மிதக்கிறது. 2017இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர்ப் படப் போட்டியில் இறுதிச் சுற்றுவரை வந்தது. இப்படி ஒரு படம் இல்லாமலே இருந்திருக்கலாம் என்று எடுத்தவரே சொன்னார். குச்சியைத் தேய்த்து எடுத்துவிட்டால் அதில் பேச என்ன மிச்சம்?

செய்திப் படங்களுக்கான வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில் படத்தில் ஒன்றைச் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்பது விதி. நீங்களும் செய்தித்தாள்தானே? அதே பக்கத்தின் கடைசியில் வாசகர்களுக்குக் கடலடிப் படப் போட்டி அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு இரண்டு விதிகள் சேருங்கள். வெறும் தண்ணீரில் உள்ள தூசியைத் தவிர வேறு எதையும் நீக்கக் கூடாது. தேர்வாகும் படத்துக்கு ஒரிஜினல் ஃபைலையும் அனுப்ப வேண்டும். ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்களுக்கு ஒரு வாரம் கூடுதல் அவகாசம் கொடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தூத்துக்குடி