முப்பத்து மூன்று போலிகள்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். தங்கச்சிக்கு முழங்கால் வலி தணிந்து நடக்கத் தொடங்கிவிட்டது என்று படித்ததும் மனசுக்கு ஆறுதலாக இருந்தது. உங்கள் வாசகர் வட்டம் மணிமேகலையில் 28 காதைகளை முடித்தது பெரிய விஷயம். 29-ஆவது வெறும் பட்டியலாக இருக்கிறது, தாண்டிக்கொண்டு 30-க்குப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறாய். தயவுசெய்து தாண்டாதே. பழைய இந்தியத் தருக்கம் தமிழில் இவ்வளவு முழுமையாக, இவ்வளவு முன்பாகவே பதிவான இடம் இது ஒன்றுதான்.

முதலில் 27-ஆம் காதையை ஒருமுறை திருப்பிப் பார். வஞ்சியில் அளவைவாதி என்னும் தருக்கவாதி பத்து அளவைகளை, அதாவது அறிவு பெறும் வழிகளை, அடுக்குகிறான். அவற்றில் கருதல், அதாவது அனுமானம், மூன்று வகை. காட்டில் பிளிறல் கேட்டு யானை உண்டு என்பது பொது. ஆற்றில் வெள்ளம் கண்டு மேலே மழை பெய்தது என்பது எச்சம். கருத்த முகில் கண்டு மழை வரும் என்பது முதல். இப்போது காஞ்சியில் மணிமேகலையின் பௌத்த ஆசானான அறவண அடிகள் சொல்வதைப் பார்: ‘ஆதிசினேந்திரன் அளவை இரண்டே.’ புத்தர் கொண்ட அளவை இரண்டுதான் என்கிறார்: நேரில் காணும் காண்டல் ஒன்று, அனுமானமான கருத்து ஒன்று, அவ்வளவுதான். மற்றதெல்லாம் கருத்துக்குள் அடங்கிவிடும். அந்தக் கருத்திலும் பிழைபடுவது உண்டு. பிழையாதது ‘கனலிற் புகைபோற் காரியக் கருத்தே’ என்கிறார். முகில் கூடியும் மழை பெய்யாமல் கலைவது உண்டு. காரணத்திலிருந்து காரியத்துக்குப் போனால் நடுவில் ஏதாவது தடுக்கலாம். காரியத்திலிருந்து காரணத்துக்குப் போனால் அந்த ஆபத்து இல்லை. புகை வந்துவிட்டதென்றால் நெருப்பு ஏற்கெனவே இருந்தாக வேண்டும். அளவைவாதியின் மூன்றாம் வகையை அடிகள் பெயர் சொல்லாமலே இங்கே கழித்துவிடுகிறார். இரண்டு காதைகளையும் சேர்த்துப் படித்தால்தான் இது கண்ணில் படும்.

அடுத்து வருவதைப் பாடலாகப் படிக்காமல், ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொண்டு படி. கட்டத்துக்குச் சொந்தக்காரர் திக்நாகர். ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்த பௌத்தர். பிறந்தது காஞ்சிக்கு அருகே என்பது திபெத்திய மரபு. வாதத்தில் தேவையானவை மூன்று. ‘சத்தம் அநித்தம்’ என்பது பக்கம், நிறுவ எடுத்த கூற்று (அநித்தம் அழிவது, நித்தம் அழியாதது). ‘பண்ணப்படுதலால்’ என்பது ஏது, அதாவது காரணம். ‘கடம்போல்’, அதாவது குடத்தைப் போல, என்பது திட்டாந்தம், உதாரணம். இனி, சத்தத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, உலகிலுள்ள மற்றப் பொருள்களை இரண்டாகப் பிரி. அநித்தமானவை எல்லாம் சபக்கம்: குடம், மின்னல். அநித்தம் அல்லாதவை விபக்கம்: ஆகாசம். சொன்ன ஏது சபக்கத்தில் முழுதும் உண்டா, அறவே இல்லையா, சிலவற்றில் மட்டும் உண்டா? விபக்கத்திலும் அதே மூன்று கேள்வி. மும்மூன்று ஒன்பது.

கட்டத்தை இப்படி வரை. மேல் வரிசை சபக்கம் முழுதும், நடு வரிசை சபக்கத்தில் இல்லை, கீழ் வரிசை சபக்கத்தில் சில. இடமிருந்து வலமாக விபக்கம் முழுதும், விபக்கத்தில் இல்லை, விபக்கத்தில் சில. 1 முதல் 9 வரை எண் இடு. 2-உம் 8-உம் மட்டுமே நல்ல ஏது. 4-உம் 6-உம் விருத்தம்: சொல்ல வந்ததற்கு நேர் எதிரானதையே நிறுவிவிடும். நான்கு மூலைகளும் நடுக்கட்டமும் அநைகாந்திகம்: எந்தப் பக்கமும் துணிய விடாது. காதையில் அநைகாந்திகம் ஆறு என்று வருவதில் ஐந்து இந்தக் கட்டங்கள்தான். ஆறாவதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் வட்டத்தில் 8-ஆம் கட்டத்தில் கண்டிப்பாக ஒருவர் கையைத் தூக்குவார். சபக்கத்தில் சிலவற்றில் மட்டும் இருக்கிற ஏது எப்படி நல்லதாகும்? ‘சத்தம் அநித்தம், முயற்சியால் தோன்றுதலால்’ என்பதை எடுத்துக்கொள். மின்னல் அநித்தம்தான், ஆனால் யாருடைய முயற்சியாலும் தோன்றவில்லை. இருந்தாலும் கெடுதல் இல்லை. முயற்சியால் தோன்றியவை எல்லாம் அழிகின்றனவா என்பதுதான் கேள்வி. அழிபவை எல்லாம் முயற்சியால் தோன்றினவா என்பது கேள்வியே இல்லை. பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. அதனால் புகை கண்டு நெருப்பைத் துணிவது கெட்டுப்போகிறதா?

இதையே புரட்டிச் சொன்னால் 7-ஆம் கட்டம். ‘சத்தம் முயற்சியால் தோன்றாதது, அநித்தம் ஆதலால்.’ இப்போது சபக்கம் மின்னலும் ஆகாசமும். மின்னல் அழியும், ஆகாசம் அழியாது; ஆகவே சில. விபக்கம் குடம் முதலியவை, எல்லாமே அழியும். சத்தம் மின்னலைப் போல் அழிவதா, குடத்தைப் போல் அழிவதா? ஏதுவுக்கு அதைச் சொல்லத் தெரியாது. காதையில் மின்னலும் ஆகாசமும் கடமும் திரும்பத் திரும்ப வருவது சலிப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். உதாரணப் பொருள்களை மாற்றாமல் ஏதுவை மட்டும் இடம் மாற்றிக் காட்டுவதால்தான் எது எங்கே கெடுகிறது என்பது தெரிகிறது.

5-ஆம் கட்டத்தில் கொஞ்சம் நில். ‘சத்தம் நித்தம், கேட்கப்படுதலால்.’ சத்தத்தைத் தவிர வேறெதுவும் காதில் விழுவதில்லை. சத்தத்தைத்தான் நாம் தனியே எடுத்து வைத்துவிட்டோமே. ஆகவே சபக்கத்திலும் ஏது இல்லை, விபக்கத்திலும் இல்லை, அசாதாரணம். பக்கத்தையே சபக்கத்துக்குள் சேர்த்துவிடுவதுதான் படிப்பவர்கள் இங்கே செய்கிற தவறு. சேர்த்தால் இந்த ஏது நல்ல ஏது போலத் தோன்றிவிடும். எதைப் பற்றி வழக்கோ அதையே சாட்சியாகக் கூப்பிட்டது போல.

இதே ‘கேட்கப்படுதலால்’ இன்னொரு இடத்தில் மறுபடி வருகிறது, ஆறாவது அநைகாந்திகமான விருத்த வியபிசாரியில். ஒருவன் ‘சத்தம் அநித்தம், செயலிடைத் தோன்றுதலால், கடம்போல்’ என்கிறான். மற்றவன் ‘சத்தம் நித்தம், கேட்கப்படுதலால், சத்தத்துவம் போல்’ என்கிறான். சற்று முன் சபக்கமே இல்லை என்றோமே, இப்போது சத்தத்துவம் எங்கிருந்து வந்தது? எல்லாச் சத்தங்களுக்கும் பொதுவான தன்மை (சாதி) ஒன்று உண்டு, அது நித்தம், அதுவும் காதால் உணரப்படுவது என்பது வைசேடிகம் என்னும் தத்துவப் பள்ளியாரின் கொள்கை. அதை ஒப்புக்கொண்டால் ஏதுவுக்கு ஒரு சபக்கம் கிடைத்துவிடும். ஒப்புக்கொள்ளாத இடத்தில் அதே ஏது அசாதாரணம். சொல் ஒன்றுதான், எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்துக் குற்றத்தின் பெயர் மாறுகிறது. தனித்தனியே குற்றமில்லாத இரண்டு ஏதுக்கள் மோதிக்கொண்டு நிற்கும் இந்த ஆறாவது வகையை ஏழாம் நூற்றாண்டுப் பௌத்தத் தருக்க அறிஞர் தர்மகீர்த்தி ஏற்க மறுத்தார். மணிமேகலையில் அது அப்படியே இருக்கிறது.

இப்படிச் சரியானது போலத் தோன்றும் குற்றத்துக்குத்தான் போலி என்று பெயர். ஏதுப் போலியில் இன்னும் இரண்டு குடும்பம் உண்டு. அசித்தம் நான்கு: ஏதுவே பக்கத்தில் நிலைபெறாதது. ஆவியா பனியா என்று ஐயம் தீராமலே அதைப் புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பைத் துணிவது இதில் ஒன்று. விருத்தம் நான்கு. ஆக அசித்தம் 4, அநைகாந்திகம் 6, விருத்தம் 4, மொத்தம் 14. பக்கப் போலி 9, திட்டாந்தப் போலி 10. எல்லாம் சேர்ந்து 33.

பக்கப் போலியில் ‘என் தாய் மலடி’ போன்றவை எவருக்கும் விளங்கும். சுவை அதற்குப் பின்னால் வருகிறவற்றில். பௌத்தன் சாங்கியனிடம் ‘சத்தம் அழியும்’ என்று தொடங்கினால் அது போலி. எந்தப் பொருளும் அடியோடு அழிவதில்லை, மறைகிறது அவ்வளவே என்பவன் சாங்கியன்; அழிவு என்று ஒன்று அவன் கணக்கிலேயே கிடையாது. சாங்கியன் பௌத்தனிடம் ‘ஆன்மா சைதன்னியவான்’ (உணர்வுடையது) என்றாலும் போலி; பௌத்தனுக்கு ஆன்மாவே இல்லை. எதிராளி ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை, ‘சத்தம் செவிப்புலன்’ என்பது போல, நிறுவ முனைவதும் போலியே. இதெல்லாம் பேச்சு சாமர்த்தியம், தருக்கமாகுமா என்று நீ கேட்டிருந்தாய். ஆகும் என்பதுதான் என் கருத்து. இந்தத் தருக்கம் பிறந்த இடம் வாத மன்றம். இருவருக்கும் பொதுவான நிலம் எது என்று தெரியாமல் கட்டிய வாதம், வடிவம் எவ்வளவு சரியாக இருந்தாலும் யாரையும் எதையும் ஒப்புக்கொள்ள வைக்காது.

நீ அரிஸ்டாட்டிலைப் படித்தவன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ‘எல்லா மீனும் பறக்கும்; சுறா ஒரு மீன்; ஆகவே சுறா பறக்கும்.’ அவருடைய கணக்கில் வடிவம் செல்லும். முதல் வாக்கியம் பொய் என்பது தனி வழக்கு. அறவண அடிகளிடம் இது வாசற்படியே தாண்டாது. காண்டலோடு முரண்படுவதைப் பக்கமாக வைக்கவே கூடாது. திட்டாந்தம் கேட்பதும் இதனால்தான்: பொதுவிதி வெறும் சொல்லாக நிற்காமல் உலகில் ஓரிடத்திலாவது கண்டதாக இருக்க வேண்டும். ஆகவே நம் மூன்றுறுப்பு அனுமானத்தை அரிஸ்டாட்டிலின் மூன்று வாக்கியத்தோடு ஒன்றுக்கொன்று பொருத்தி எழுதும் பழக்கத்தை வட்டத்தில் ஊக்கப்படுத்தாதே. இரண்டும் ஒத்துப்போகிற ஓர் இடம் உண்டு. ‘புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு’ என்று சொல்ல வேண்டியதை ‘நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை’ என்று திருப்பிச் சொல்வது விபரீதான்னுவயம் என்ற திட்டாந்தப் போலி. அரிஸ்டாட்டிலும் ‘எல்லாம்’ என்ற வாக்கியத்தை அப்படியே திருப்பக்கூடாது என்கிறார். மறுதலையாகச் சொல்லும்போது மட்டும் வரிசை மாற வேண்டும்: நெருப்பில்லாதது எதுவோ அதில் புகை இல்லை, புனல்போல்.

இந்த 33-ஐயும் கிட்டத்தட்ட இதே உதாரணங்களோடு சொல்லும் வடமொழி நூல் நியாயப்பிரவேசம். திக்நாகரின் மாணவர் எனப்படும் சங்கரசுவாமி செய்தது. 1920-களில் இதை வைத்துப் பெரிய விவாதம் நடந்தது. மணிமேகலை திக்நாகருக்கு முந்தியது என்றார் வரலாற்று அறிஞர் கிருஷ்ணசாமி ஐயங்கார். நியாயப்பிரவேசத்தை ஒட்டியதுதான் என்றார் வடமொழி அறிஞர் குப்புசாமி சாஸ்திரி. வகைகளின் எண்ணிக்கை, வரிசை, உதாரணம் மூன்றும் சேர்ந்து ஒத்துப்போவதால் சாஸ்திரி பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதே சிறு நூலை யுவான் சுவாங் 647-இல் சீன மொழியாக்கினார். அவர் மாணவர் குய்ஜி எழுதிய பேருரை வழியாக அது ஜப்பானிய நாரா மடங்கள் வரை போய்ப் பாடமாயிற்று. இந்தியாவில் வடமொழி மூலத்தைக் காத்துக் கொடுத்தவர்கள் சமணர்கள். ஹரிபத்திரர் உரை எழுதியதால் பிழைத்தது, 1930-இல் பரோடாவில் அச்சேறியது. பௌத்த நூலுக்குச் சமணர் உரை எழுதிக் காத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

வகுப்புக்கு ஒரு யோசனை. ஒன்பது கட்டத்தை எல்லோரும் முதலில் தங்கள் கையால் வரையட்டும். காதையின் உதாரணங்களை நீ ஒவ்வொன்றாகப் படி, அவர்கள் எண் சொல்லட்டும். ‘அறியப்படுதலால்’ 1-இல் போய் விழும். ‘அமூர்த்தம் (உருவமற்றது) ஆதலால்’ 9-இல், ஆகாசம், பரமாணு, கடம், சுகம் நான்கையும் கேட்டால்தான் விழும். விருத்தம் நான்கில் முதல் வகைதான் 4, 6 கட்டங்களில் அடங்கும். மற்ற மூன்றுக்குத் தனி வகுப்பு வை. ‘கண் முதலியவை பிறர்பொருட்டு, தொகுதியாய் நிற்றலால், படுக்கையும் ஆசனமும் போல்’ என்று சாங்கியன் சொல்வதிலிருந்து தொடங்கு. தொகுதியல்லாத ஆன்மாவை நிறுவ வந்தவன் அவன். படுக்கையோ உடம்பு என்ற இன்னொரு தொகுதிக்கு அல்லவா பயன்படுகிறது? அதில் யார் என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்