ரோமிலிருந்தே திரும்பிவிடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீ அனுப்பிய ஐரோப்பா பயணத் திட்டத்தை அச்செடுத்து, பேனாவும் கையுமாக உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு ஊருக்கும் ரயில் நேரம், ஸ்டேஷன் பெயர், தங்கும் இடத்துக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறாய். நம் வீட்டில் இவ்வளவு பொறுமை உனக்கு மட்டும்தான். உன் தம்பியிடமும் காட்டினேன்.

ஆனால் அந்தக் கடைசி நாளை மாற்று. காலையில் ரோமிலிருந்து பாரிஸ், மாலையில் பாரிஸிலிருந்து ஊர் என்று போட்டிருக்கிறாய். போக வர பாரிஸ் டிக்கெட் மலிவு என்பதால்தானே? அந்தக் காலை விமானம் இறங்குவது போவே விமான நிலையத்தில். பெயரில் பாரிஸ் இருக்கிறதே தவிர, நகரத்திலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே இருக்கிறது. அங்கிருந்து பஸ் பிடித்து, அப்புறம் சார்ல் தெ கோல் விமான நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டும் தனித்தனி டிக்கெட் வேறு. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஐரோப்பியச் சட்டப்படி நஷ்டஈடு கேட்கலாம்தான். அந்தத் தூரத்துக்கு 250 யூரோ. அதையும் எல்லாக் காரணத்துக்கும் தரமாட்டார்கள். கடைசி நேரத்தில் ஊருக்கு ஒரு டிக்கெட் வாங்க அது எந்த மூலைக்கு? மாமா கல்யாணத்துக்குப் போன கதை உனக்கு மறந்திருக்காது.

அதனால் பாரிஸில் இறங்கு, ரோமிலிருந்தே ஏறு. தேடும்போது மல்டி சிட்டி என்று போட்டால் ஒரே டிக்கெட்டாக வரும். விலை கொஞ்சம் கூடத் தெரிந்தாலும், மிச்சமாகும் அந்த ஒரு நாளையும் கணக்கில் சேர்த்துப் பார்.

லண்டன் இரண்டு இரவு வேண்டாம். அதற்குத் தனி விசா எடுக்க வேண்டும். அதோடு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான உன் ஷெங்கன் விசா ஒரே நுழைவுக்கானதாக இருந்தால், பாரிஸிலிருந்து லண்டன் போனவள் திரும்ப ஆம்ஸ்டர்டாமுக்குள் நுழைய முடியாது. லண்டனை எடுத்துவிட்டால் பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு நேரே ரயில் இருக்கிறது, மூன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். இதெல்லாம் உனக்குத் தெரியாதது இல்லை. எதையும் ஒன்றுக்கு மூன்று முறை சரிபார்ப்பவள் நீ. இந்தத் திட்டத்தில் மட்டும் இப்படி அவசரம் தெரிகிறது.

சரி, பயணிகள் கட்டத்துக்கு வருகிறேன். தீபாவளி சமயத்தில் நீ அனுப்பிய திட்டத்தில் இரண்டு என்று இருந்தது. இப்போது ஒன்று என்று இருக்கிறது. தட்டச்சுப் பிழையாக இருக்கலாம். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காமல் இருக்கலாம். போனில் அவரைப் பற்றிக் கேட்டால் நீ வானிலை பற்றிப் பேசுகிறாய். நான் கேட்கவில்லை. ஆனால் போக்குவரத்துக்கு இது முக்கியம், அதனால் எழுதுகிறேன்.

ஒருவர் என்றால் ஆம்ஸ்டர்டாமிலிருந்து சூரிக் போகும் இரவு ரயிலில் பெண்களுக்கென்று இருக்கும் அறையைக் கேட்டு வாங்கு. பதிவு செய்யும்போதே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவர் என்றால் பெட்டி ஒன்றுதான் இருக்க வேண்டும், அதுவும் நீயே தூக்குகிற கனத்தில். பாரிஸில் கார் து நோர் ஸ்டேஷனில் ஜேப்படி அதிகம். பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அங்கே டிக்கெட் மெஷின் முன்னால் நின்று பர்ஸைத் திறக்காதே, முன்கூட்டியே போனில் வாங்கி வைத்துக்கொள். பாஸ்போர்ட் பெட்டியில் வேண்டாம், உடம்போடு இருக்கட்டும். ரயில் மாறும் இடத்தில் ஒரு மணி நேரமாவது விடு. ஜெர்மனி வழியாக வரும் ரயில்கள் தாமதமாவது சகஜம். அதனால் சூரிக்கில் இறங்கிய அன்றே மிலான் போக நினைக்காதே. மற்ற இடங்களில் ஒரு மணி நேரமாவது விடு என்று திரும்பவும் சொல்கிறேன்.

சூரிக்கிலிருந்து மிலானுக்கு, 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்ட் சுரங்கத்துக்குள் போகும் ரயிலைப் போட்டிருக்கிறாய். 2016-இல் திறந்தது, வேகம்தான், ஆனால் உள்ளே இருட்டு. அன்று வேறு வேலை இல்லையென்றால் பழைய மலைப்பாதை வழியாகப் போ. வாசென் என்ற ஊரில் தண்டவாளம் மலைக்குள் சுற்றிச் சுற்றி ஏறுவதால், ஒரே வெள்ளைத் தேவாலயம் முதலில் தலைக்கு மேலே தெரியும், அப்புறம் நேர் எதிரே, அப்புறம் காலுக்குக் கீழே. சின்ன வயதில் நீ மணிக்கணக்கில் ஜன்னலை விட்டு நகராதவள். அந்த மூன்றாவது தடவை பக்கத்தில் இருப்பவரிடம் "பார், அதே கோயில்" என்று காட்டத் தோன்றும். அதை நினைத்துத்தான் எனக்கு நேற்று இரவு தூக்கம் வரவில்லை.

இத்தாலியில் உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் இருக்கும் மெஷினில் முத்திரை குத்து, இல்லாவிட்டால் அபராதம். விசாவுக்கு பிரான்ஸ் என்று எழுதியிருக்கிறாய். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறாயோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். மிலான், வெனிஸ், ரோம் மூன்றையும் கூட்டிப் பார், இத்தாலிதான் வரும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கு முன்னாலாவது கொடுத்தாக வேண்டும். ஆகவே அவகாசம் இருக்கிறது.

விரைவு ரயில் டிக்கெட் மட்டும் நாள் போகப் போக விலை ஏறும். மலிவு டிக்கெட்டில் பல சமயம் பெயர் மாற்றவும் விடமாட்டார்கள். எத்தனை பேர் என்பதை முடிவு செய்துவிட்டு வாங்கு. ஒன்றா இரண்டா என்று எனக்கு ஒரு வரி எழுது. ஏன் என்று எழுத வேண்டாம், உனக்குத் தோன்றும்போது சொல். இரண்டு என்றால் சந்தோஷம். ஒன்று என்றாலும் நீ போய்த்தான் ஆகவேண்டும், அதற்காகப் பயணத்தை நிறுத்திவிடாதே. பணம் தேவைப்பட்டால் கேள். அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றால் அதையும் அந்த வரியிலேயே சேர்த்து எழுதிவிடு.

அன்புடன்,
அப்பா