தம்பியின் கடனும் உன் கோபமும்

எடிசன், நியூ ஜெர்சி

அன்பு மகளுக்கு,

கல்விக் கடன் தள்ளுபடியைப் பற்றி நீயும் தம்பியும் தொலைபேசியில் கசப்பாகப் பேசிக்கொண்டீர்கள் என்று அம்மா சொன்னாள். கார் வாங்காமல், மூன்று பேரோடு ஒரே வீட்டில் குடியிருந்து, சம்பளத்தில் பாதியைத் தவணைக்கே கொடுத்துக் கடனை அடைத்தவள் நீ. மற்றவர்களின் கடனையும் உன் வரிப்பணத்தில் ஏன் தீர்க்க வேண்டும் என்று நீ கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்வி நியாயமானது. அதைக் கேட்பவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லி வாயடைக்கப் பார்க்கும் அரசியல்வாதிகள் மேல் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் உன் கோபம் சேர வேண்டிய இடத்தை விட்டுத் தம்பியின் மேல் போய் விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன். நேரில் பேசினால் இருவரும் பாதியில் நிறுத்திவிடுவோம் என்பதால் எழுதுகிறேன்.

கட்டியவரின் மனக்குறை எனக்குப் புதிதல்ல. 2006-இல் கலைஞர் பதவியேற்றவுடன் கூட்டுறவு விவசாயக் கடன்களைத் தள்ளுபடி செய்து கையெழுத்திட்டபோதும், 2021 தேர்தலுக்கு முன் எடப்பாடி பழனிசாமி அரசு 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க் கடனைத் தள்ளுபடி செய்தபோதும், நகையை அடகு வைத்தாவது தவணையைக் கட்டி முடித்திருந்த நம் தஞ்சைப் பக்கத்து உறவினர்கள், "அப்போ கட்டினவன்தான் ஏமாளியா?" என்றே கேட்டார்கள். அவர்களுக்கு எந்தக் கட்சியும் பதில் சொல்லவில்லை. இந்த நாட்டிலும் உனக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை என்பதுதான் உன்னை உறுத்துகிறது என்று எனக்குத் தெரியும்.

முதலில் நடந்ததை ஒழுங்காகப் பார்ப்போம். அமெரிக்க மத்திய அரசின் கல்விக் கடனைச் சுமந்திருப்பவர்கள் ஏறத்தாழ 4 கோடியே 30 லட்சம் பேர். மொத்தத் தொகை 1.6 டிரில்லியன் டாலருக்கும் மேல். 2022 ஆகஸ்டில் அதிபர் பைடன் அறிவித்த திட்டம், ஆண்டு வருமானம் 1,25,000 டாலருக்கு உட்பட்ட தனிநபருக்கு 10,000 டாலர் வரையிலும், பெல் உதவித்தொகை பெற்று ஏழ்மையில் படித்தவர்களுக்கு 20,000 டாலர் வரையிலும் கடனைக் குறைப்பதாகச் சொன்னது. அதற்குச் சுமார் 400 பில்லியன் டாலர் செலவாகும் என்று காங்கிரஸின், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின், வரவுசெலவு அலுவலகம் மதிப்பிட்டது. அவ்வளவு பெரிய தொகைக்கு அரசு காட்டிய ஆதாரம், போர்க்காலத்தில் பணிக்குப் போகிறவர்கள் கடனால் நொடிந்துவிடக் கூடாது என்பதற்காக 2003-இல் இயற்றப்பட்ட ஹீரோஸ் சட்டம். கொரோனாவும் ஒரு தேசிய நெருக்கடி என்பதால் அந்தச் சட்டமே போதும் என்று வாதிட்டார்கள். 2023 ஜூன் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதை நிராகரித்தது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: கடன் விதிகளைத் தளர்த்தவும் திருத்தவும் அளிக்கப்பட்ட அதிகாரத்தைக் கொண்டு புதிதாக ஒரு தள்ளுபடித் திட்டத்தையே எழுதிவிட முடியாது.

இதில் நான் உன் பக்கம். ஒரு தலைமுறையையே தொடும் செலவை, மக்கள் பிரதிநிதிகள் வாக்களிக்காமல், வேறொரு காரியத்துக்காக எழுதப்பட்ட சட்டத்தின் இரண்டு சொற்களிலிருந்து வரவழைப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆனால் நீதிபதி கேகன் எழுதிய மாற்றுத் தீர்ப்பையும் நீ படிக்க வேண்டும். வழக்குத் தொடுத்த ஆறு மாநிலங்களில் மிசூரிக்கு வழக்காடும் தகுதி இருப்பதாகக் கண்டதோடு நீதிமன்றம் நின்றுகொண்டது. அதுவும் அந்த மாநிலம் ஏற்படுத்திய மொஹீலா என்ற கடன் வசூல் அமைப்புக்கு ஏற்படக்கூடிய வருமான இழப்பின் பேரில். அந்த மொஹீலாவோ வழக்குத் தொடுக்கவே இல்லை. இப்படி ஒரு வாசல் வழியே மாநிலங்களை உள்ளே விட்டது சரியா என்று அவர் எழுப்பிய கேள்விக்கு எனக்கு இன்னும் நிறைவான பதில் கிடைக்கவில்லை.

இனித் தம்பியின் விஷயம். பிலடெல்பியாவின் அரசுப் பள்ளியில் அவன் கற்பிக்கிறான். பொதுச் சேவையில் இருந்துகொண்டு 120 தவணைகள் கட்டினால் மீதி நீங்கும் என்ற விதியின் கீழ் அவன் வருகிறான். அந்த விதியை 2007-இல் காங்கிரஸ் நிறைவேற்றியது. கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஜார்ஜ் புஷ். குறைந்த சம்பளத்துக்குப் பத்து ஆண்டுகள் ஊர்ப்பணி செய், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அரசு முன்கூட்டியே எழுதிக் கொடுத்த வாக்கு அது. அந்தப் பத்து ஆண்டுகளை முடித்து 2017 முதல் விண்ணப்பித்தவர்களில் தொடக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் நிராகரிக்கப்பட்டார்கள். தவறான வகைக் கடன், தவறான தவணைத் திட்டம், படிவத்தில் குறை என்று காரணங்கள் சொல்லப்பட்டன. விதிகள் சீராக்கப்பட்ட பிறகு, 2024 இறுதிக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமக்குரியதைப் பெற்றார்கள். இதைத் தானம் என்று நீ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உன் நிறுவனம் ஒப்பந்தப்படி தரவேண்டிய பங்குகளைத் தரும்போது அதை யாராவது தானம் என்றால் நீ பொறுத்துக்கொள்வாயா அம்மா? இந்தச் சொல்லை மட்டும் அவனிடம் நீ திரும்பப் பெற வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பொதுத் தள்ளுபடிக்கு எதிரான வலுவான வாதம் வேறு. நாட்டில் இருபத்தைந்து வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் நான்காண்டுப் பட்டம் பெறாதவர்கள். குழாய் வேலை செய்பவரின் வரியில் வழக்கறிஞரின் கடனைத் தீர்ப்பதா என்று கேட்கிறார்கள். வழக்கறிஞரைப் பொறுத்தவரை அது உண்மை. பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளநிலை மாணவர் அரசிடம் மொத்தம் 31,000 டாலருக்கு மேல் கடன் வாங்க முடியாது. லட்சக்கணக்கில் கடன் என்றால் பெரும்பாலும் அது மேற்படிப்புக்காக வாங்கியதாகவோ பெற்றோர் பெயரில் எடுத்ததாகவோ இருக்கும். ஆனால் தவணை கட்ட முடியாமல் தவறுகிறவர்களைப் பார். அவர்களில் பலரின் கடன் சிறியது. படிப்பை முடிக்காமலே வெளியேறியவர்கள் அவர்கள். பட்டம் தரும் சம்பளம் இல்லை, கடன் மட்டும் இருக்கிறது. 2015-இல் இழுத்து மூடப்பட்ட கொரிந்தியன் கல்லூரிகளில் சேர்ந்தவர்களோ வேலைவாய்ப்பைப் பற்றிப் பொய் சொல்லி ஏமாற்றப்பட்டவர்கள்; 2022-இல் கல்வித் துறை அவர்களில் 5,60,000 பேரின் 5.8 பில்லியன் டாலர் கடனை நீக்கியது. அதை நீயும் தவறு என்று சொல்லமாட்டாய்.

வட்டியின் கணக்கு இன்னும் மோசம். ஆயுள் முழுவதும் கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்பதால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். 30,000 டாலர் கடன், 6 சதவீத வட்டி என்று வைத்துக்கொள். மாதத்துக்கு 150 டாலர் வட்டி சேரும். சம்பளம் குறைவாக இருப்பதால் வருமான அடிப்படையிலான திட்டம் ஒருவருக்கு மாதத் தவணையாக 60 டாலர் நிர்ணயிக்கிறது. அவர் ஒரு மாதமும் தவறாமல் கட்டுகிறார். ஆனாலும் மாதந்தோறும் 90 டாலர் வட்டி கட்டப்படாமல் நிற்கிறது. பத்து ஆண்டுகளில் 7,200 டாலர் கட்டி முடித்திருப்பார். வட்டிக்கு வட்டி போடாமல் பார்த்தாலும் அவர் பாக்கி 40,800 ஆகியிருக்கும். பழைய திட்டங்களில் பல லட்சம் பேருக்கு இப்படித்தான் நடந்தது. உன் சம்பளம் வட்டியைத் தாண்டி அசலைத் தொட்டது; அவர்களுடைய சம்பளம் தொடவில்லை. நீ கட்டினாய், அவர்கள் கட்டவில்லை என்று நீ பிரிக்கும் கோடு இங்கே நிற்காது. அவர்களும் கட்டினார்கள்.

உன் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் எது என்று கேட்டால், திவால் சட்டம் என்பேன். கிரெடிட் கார்டில் மூழ்கியவர், மருத்துவமனைக் கட்டணத்தால் நொடிந்தவர், வியாபாரத்தில் தோற்றவர் என எல்லாருக்கும் இந்த நாட்டில் நீதிமன்றப் படியேறும் வழி உண்டு. நீதிபதி கணக்கைப் பார்த்து, விற்கக்கூடியதை விற்கச் சொல்லி, மீதியைத் தீர்த்துவிடுவார். கடன் கொடுத்தவரும் நட்டத்தில் பங்கேற்பார். கல்விக் கடனுக்கும் ஒரு காலத்தில் அந்த வழி இருந்தது. 1976-இல் ஐந்து ஆண்டுகள் கழித்தே அது திறக்கும் என்றார்கள். 1990-இல் அதை ஏழாக்கினார்கள். 1998-இல் ஆண்டுக் கணக்கையே எடுத்துவிட்டு, மிதமிஞ்சிய துயரம் என்று நிரூபித்தால் மட்டுமே என்று குறுக்கினார்கள். 2005-இல் தனியார் கல்விக் கடன்களில் பெரும்பாலானவற்றையும் அந்தக் கூண்டுக்குள் கொண்டுவந்தார்கள். அந்தத் துயரத்தை அளக்க நீதிமன்றங்கள் பலவும் கையாளும் உரைகல் 1987-ஆம் ஆண்டின் புரூனர் வழக்கில் வகுக்கப்பட்டது. எதிர்காலத்திலும் தன் நிலைமை சீராகாது என்று கடனாளியே நிறுவ வேண்டும். அரசோ நீதிமன்ற ஆணை இல்லாமலே சம்பளத்திலிருந்தும் திருப்பித் தரவேண்டிய வரிப்பணத்திலிருந்தும் பிடித்துக்கொள்ளலாம். வசூலுக்குக் காலவரம்பும் கிடையாது.

இப்படி எல்லாக் கதவுகளையும் சட்டம் அடைத்து வைத்ததால்தான், ஒவ்வொரு தேர்தலிலும் அதிபரின் பேனாவை எதிர்பார்த்துக் கோடிக்கணக்கானோர் காத்திருக்க நேர்ந்தது. வழக்கமான கடனாளிக்குக் கிடைக்கும் விசாரணை இவர்களுக்கும் கிடைத்திருந்தால், வசதியுள்ள வழக்கறிஞரையும் வழியற்ற தாதியையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டியிருந்திருக்காது. ஒருவர் ஒருவராகப் பார்த்துத் தீர்த்திருப்பார்கள். உனக்கு இது உறுத்தாது என்றும் நினைக்கிறேன். திவாலாகும் அண்டை வீட்டாரைப் பார்த்து, நான் கட்டினேனே என்று நீ கேட்டதில்லை.

கல்லூரிக் கட்டணம் குறையாமல் கடனை மட்டும் நீக்கினால் அடுத்த ஆண்டே புதிய கடன் முளைக்கும் என்றாய். ஒப்புக்கொள்கிறேன். 2025 ஜூலையில் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், மேற்படிப்பின் முழுச் செலவு வரையிலும் கடன் தந்துவந்த கிராட் பிளஸ் திட்டத்தைப் புதியவர்களுக்கு 2026 ஜூலை முதல் நிறுத்தி உச்சவரம்பு வைத்தது. அதே சட்டம் கொண்டுவந்த புதிய தவணைத் திட்டத்தில், ஒழுங்காகக் கட்டுகிறவரின் கட்டப்படாத வட்டி தள்ளுபடியாகும். மேலே நான் போட்ட கணக்கின் கொடுமை அங்கே நிற்கும். நான் வாக்களிக்காத கட்சி செய்த நல்ல காரியம் இது. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆனால் மீதி நீங்குவதற்கு அந்தத் திட்டத்தில் முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வயதில் தொடங்குகிறவருக்கு ஐம்பத்திரண்டு ஆகும். அது எனக்குச் சம்மதமில்லை.

2021-இல் இல்லினாய் செனட்டர் டிக் டர்பினும் உன் டெக்சஸின் செனட்டர் ஜான் கார்னினும், கட்சி வேறுபாட்டைத் தாண்டி, ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார்கள். முதல் தவணை தொடங்கிப் பத்து ஆண்டுகள் கழிந்த மத்திய அரசுக் கடனைத் திவால் நீதிமன்றம் தீர்க்கலாம் என்றும், கடன் வாங்கும் மாணவர்களை அதிக அளவில் சேர்க்கும் கல்லூரிகள் அப்படித் தீர்க்கப்படும் தொகையில் ஒரு பங்கை அரசுக்குத் திருப்பித் தர வேண்டும் என்றும் அது சொன்னது. கட்டணம் வாங்கிய கல்லூரியும் நட்டத்தில் கைகொடுக்க வேண்டும் என்ற அந்த இரண்டாவது விதியைத்தான் நீ இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். மசோதா நிறைவேறவில்லை. அதைப் படித்துவிட்டு உனக்கு எங்கே உடன்பாடு இல்லை என்று எழுது. உடன்பாடு இருந்தால் உன் தொகுதிப் பிரதிநிதிக்கும் இரு செனட்டர்களுக்கும் எழுது. கடனைக் கட்டி முடித்தவள் கேட்கிறாள் என்றால் அந்தக் கடிதத்துக்குத் தனி மதிப்பு இருக்கும். தம்பியையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா