மீதி எங்கே போகிறது?

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண்புரை அறுவை முடிந்து, பேனாவைத் தொடக்கூடாது என்று வீட்டில் காவல் போட்டிருந்தார்கள். இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. என் கையெழுத்து இவ்வளவு மோசம் என்பதும் இப்போதுதான் தெரிகிறது.

நீ மறுபடி வகுப்பெடுக்கப் போகிறாய் என்று படித்ததும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். சூழலியலை எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். வரையறையிலிருந்து மட்டும் வேண்டாம். ஜெர்மன் உயிரியலாளர் ஹெக்கல் 1866-இல் அந்தச் சொல்லை உருவாக்கினார், வீட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்று நாம் இருவரும் எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருப்போம்! அதைக் கேட்டு ஒரு பிள்ளையாவது நிமிர்ந்து உட்கார்ந்ததுண்டா?

உன்னிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், உணவுச் சங்கிலியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் பத்து சதவீத ஆற்றல்தான் போகும் என்று பிரமிடு வரைந்து காட்டினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, “மீதித் தொண்ணூறு எங்கே டீச்சர் போகுது?” என்றாள். “வீணாகிவிடும், உட்கார்” என்றேன். உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் அந்த வருடம் முழுக்க அவள் கேள்வியே கேட்கவில்லை.

வெட்டுக்கிளியை எடுத்துக்கொள். புல்லில் பெரும்பகுதியை அது தொடுவதே இல்லை. தின்றதிலும் ஒரு பங்கு செரிக்காமல் எச்சமாக விழுகிறது. செரித்ததில் நிறைய, குதிக்கவும் மூச்சுவிடவும் செலவாகி வெப்பமாக வெளியேறிவிடுகிறது. உடம்பாக மிஞ்சியதுதான் தவளைக்குக் கிடைக்கும். வெட்டுக்கிளி உயிரோடு இருந்ததற்கான செலவை நான் வீண் என்று சொல்லியிருக்கிறேன்!

அந்தப் பத்தும் சட்டம் கிடையாது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு சின்னச் சதுப்பு ஏரியை வருடக்கணக்கில் அளந்த லிண்டெமன் என்ற சூழலியலாளருக்கு, தாவர உண்ணிகளிடம் 13 சதவீதமும் அவற்றைத் தின்பவற்றிடம் 22 சதவீதமும் வந்தது. வெறும் கோட்பாடு என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்ட அவருடைய கட்டுரை 1942-இல்தான் அச்சேறியது. அதைப் பார்க்க அவர் இல்லை, 26 வயதில் இறந்துவிட்டார். பத்து என்பது தோராயம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடு. தேர்வுக்குப் பத்து என்றே எழுதட்டும்.

அம்புக்குறியையும் கவனி. தவளைதானே தின்கிறது என்று தவளையிலிருந்து வெட்டுக்கிளிக்கு அம்பு போடுவார்கள். ஆற்றல் எந்தப் பக்கம் போகிறது என்று கேள், தானாகத் திருப்பிப் போடுவார்கள்.

வெப்பமாகப் போனது திரும்பி வராது. அதனால்தான் சூரியன் தினமும் புதிதாக ஊற்ற வேண்டியிருக்கிறது. கார்பனும் நைட்ரஜனும் அப்படியல்ல. அவற்றுக்குப் போக வேறு இடமே இல்லை, இங்கேயே சுற்ற வேண்டும். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் செடியால் அதை நேரடியாக எடுக்க முடியாது, பாக்டீரியா பிடித்துத் தர வேண்டும். செத்ததையெல்லாம் பிரித்து மண்ணுக்குத் திருப்பித் தருவதும் பாக்டீரியாவும் பூஞ்சையும்தான். நம் பாடப்புத்தகத்தில் அவற்றுக்குப் படத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம்! எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அந்தப் பெண்ணின் கேள்வி இன்னும் தூரம் போகும். கலிபோர்னியாவில் கிளியர் ஏரி என்று ஒன்று. அங்கே கடிக்கக்கூடத் தெரியாத ஒரு சின்னப் பூச்சியின் தொல்லைக்காக, 1949 முதல் மூன்று தடவை மருந்து கலந்தார்கள். DDT என்ற பூச்சிக்கொல்லியின் நெருங்கிய உறவான DDD அது (தமிழில் எழுதினால் இரண்டும் டிடிடிதான், என்ன செய்ய!). நீரில் கலந்தது பத்து லட்சத்தில் 0.02 பங்கைத் தாண்டவில்லை. ஆனால் மீன் தின்னும் முக்குளிப்பான்கள் செத்து ஒதுங்கின. அவற்றின் கொழுப்பைச் சோதித்தால் பத்து லட்சத்தில் 1,600 பங்கு. எண்பதாயிரம் மடங்கு! சின்ன மீன் தான் தின்றதில் பெரும்பகுதியை எரித்துவிடுகிறது. இந்த நஞ்சு எரிவதுமில்லை, எளிதில் வெளியேறுவதுமில்லை, கொழுப்பில் தங்கிவிடுகிறது. அந்த மீன்களைப் பெரிய மீன் நூறு நூறாகத் தின்கிறது, அதைப் பறவை தின்கிறது. பிரமிடில் ஆற்றல் குறைந்துகொண்டே போகிற அதே படிகளில் நஞ்சு ஏறிக்கொண்டே போகிறது. இரண்டையும் ஒரே படத்தில் இரண்டு நிறத்தில் வரையச் சொல். நான் அப்படி வரையவைக்க ஆரம்பித்ததே ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்புதான்.

ஓர் இடம் எத்தனை உயிர்களைத் தாங்கும் என்ற தாங்குதிறனுக்கு, அலாஸ்கா பக்கம் பெரிங் கடலிலுள்ள செயின்ட் மேத்யூ தீவு போதும். 1944-இல் 29 கலைமான்களைக் கொண்டுபோய் விட்டார்கள். வேட்டையாட ஒரு விலங்கும் இல்லை, தரையெங்கும் அவை மேய லைக்கன் (பாசியும் பூஞ்சையும் சேர்ந்து ஒன்றாக வாழ்வது). 1963-இல் ஏறக்குறைய 6,000 மான்கள். லைக்கன் மெதுவாக வளர்வது, மேய்ந்து மிதித்துத் தீர்த்துவிட்டன. அடுத்து வந்த கடுங்குளிருக்குப் பின், 1966-இல் எண்ணியபோது 42 இருந்தன. எண்களை மட்டும் பலகையில் எழுதிவிட்டு, என்ன நடந்திருக்கும் என்று கேட்டுப் பேசாமல் நில். நீ பேசாமல் நிற்பதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும்.

அப்புறம், என் பழைய நுண்ணோக்கி தூசி படிந்து கிடக்கிறது. ஒரு லென்ஸில் கீறல், மற்றபடி நன்றாக வேலை செய்யும். குளத்து நீரில் ஒரு துளி பார்க்க அது தாராளம். அந்தப் பக்கம் வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். திருகை மட்டும் வேகமாகத் திருப்ப விடாதே, கண்ணாடித் தகடு உடைந்துவிடும்.

அன்புடன்,
சாரதா